அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது?

சமுதாயக் கூடத்தில் குழந்தைகளுக்கு இரவல் நூலகம் ஒன்று தொடங்கப் போகிறோம், வீட்டில் சும்மா கிடக்கும் புத்தகம் இருந்தால் கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டேன். மூன்று நாளில் பதினோரு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றையாவது திறந்து பார்த்துவிட்டு வாங்கியிருக்கலாம். தரையில் கொட்டிப் பார்த்தால் பழைய நுழைவுத் தேர்வு வழிகாட்டிகள், பாதி எழுதி விட்ட கணக்குப் பயிற்சி ஏடுகள், எப்போதோ வழக்கொழிந்துபோன ஒரு மென்பொருளின் தடித்த கையேடு, சீக்கிரம் பணக்காரர் ஆவது எப்படி என்று நான்கு, அப்புறம் யாருடைய டைரியோ ஒன்று (ஒரு பக்கத்தில் யாரோ யாரையோ வண்டை வண்டையாகத் திட்டியிருந்தார்கள், படிக்காமல் இருக்க முடியவில்லை). குழந்தைகள் கையில் கொடுக்கலாம் என்று தேறியது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சத்தைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போகும்வரை மூன்று வாரம் அந்தப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டித்தான் எல்லோரும் கூடத்துக்குள் நடந்தோம்.

இதே மாதிரி தொடங்கப் போகிற இரண்டு பேர் போன வாரம் என்னிடம் விவரம் கேட்டார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எங்களுடையது இரண்டு வருஷமாக ஓடுகிறது. நான் நூலகம் படித்தவள் இல்லை. சரியாகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்ததுதான் அதிகம் நினைவிருக்கிறது.

நன்கொடையாக வரும் புத்தகத்தைப் பொறுத்தவரை, வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டால் உங்கள் நூலகம் ஊர்ப் பரணாகிவிடும். இப்போது நாங்கள் பெட்டிகளை வாங்குவதே இல்லை. பத்துப் புத்தகம் கொண்டு வாருங்கள், எதிரிலேயே உட்கார்ந்து பார்ப்போம், எடுக்காததை நீங்களே கொண்டுபோக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தேர்ந்தெடுக்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டுப் பார்த்தோம், அது இன்னும் நல்ல யோசனையாக இருந்தது. மூன்று குவியல்: 'இப்பவே வேணும்', 'பார்க்கலாம்', 'ஐயோ'. பெரியவர்கள் ஆசை ஆசையாகக் கொடுத்த நீதிக்கதைத் தொகுப்புகளில் முக்கால்வாசி மூன்றாம் குவியலில்தான் விழுந்தன. நான் இரண்டு தடவை ரகசியமாக எடுத்து நடுக் குவியலில் வைத்தேன். இரண்டு தடவையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, பூட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கூடத்தின் குழு எங்களுக்கு ஒதுக்கியது கதவு வைத்த இரும்பு பீரோ. பொறுப்பான ஒருவரிடம் சாவி இருக்கட்டும் என்றார்கள், நானே வைத்துக்கொண்டேன். சனி, ஞாயிறு மாலை நாலிலிருந்து ஆறுவரை. மேஜைக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் பீரோ. குழந்தை வந்து "புக் வேணும்க்கா" என்னும். "என்ன புக் வேணும்?" என்று கேட்பேன். கேள்வியைப் பாருங்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே எது வேண்டும் என்று எப்படித் தெரியும்? அது நெளியும், நானே எதையாவது எடுத்துக் கொடுப்பேன், மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போகும், அடுத்த வாரம் பிரித்த அடையாளமே இல்லாமல் திரும்பி வரும். முதல் மாதம் முழுக்க ஒன்பது புத்தகங்கள்தான் வெளியே போயின. இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை, எல்லாம் போன் செய்கிற வேலை என்று நானும் நாலு பேரிடம் புலம்பினேன்.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். முந்தைய வாரம் பீரோவைப் பூட்ட மறந்திருக்கிறேன், அது எனக்கே தெரியாது. பிள்ளைகள் வழக்கம்போல வந்திருக்கிறார்கள், என்னைக் காணவில்லை, கதவை இழுத்தால் திறந்திருக்கிறது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது இரண்டு தட்டு காலி. வயிற்றைக் கலக்கியது. அப்புறம்தான் மேஜைமேல் நோட்டில் கிழித்த ஒரு தாளைப் பார்த்தேன். பென்சிலில், பேனாவில், ஒரு வரி கிரேயானில். பெயர், புத்தகம், பெயர், புத்தகம். ஒருவன் 'டைனோசர் (பெருசு)' என்று எழுதியிருந்தான், ஏனென்றால் எங்களிடம் டைனோசர் புத்தகம் இரண்டு உண்டு, எது என்று எனக்குக் குழப்பம் வரக்கூடாதாம். மொத்தம் முப்பத்தொன்று. ஒரே மாலையில்.

பிறகு பூட்டவே இல்லை. குழுவில் ஒரு மணி நேர வாக்குவாதம் நடந்தது, காணாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள், நான் என்றேன். கொஞ்ச நாளில் கதவுகளையே கழற்றிவிட்டோம்.

எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றிப் பின்னால்தான் வாசித்தேன். முன்னாலேயே வாசித்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். கணக்கு வாத்தியார் அவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பொறுப்பேற்று, சில வாரங்களிலேயே அலுத்துப்போய், என்னைத் திரும்ப வகுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று போய் நின்றிருக்கிறார். முதலில் லண்டன் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வாருங்கள், அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் உங்கள் கணக்கு வேலை உங்களுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர் வேறு ஆளாகத் திரும்பி வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி: புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதைப் போய் ஒரு விதி என்று எழுத வேண்டுமா என்று தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள், அந்தக் கதையிலிருந்துதான் அவர் அந்த விதியையே விளக்குகிறார். நான் கட்டி வைத்ததும் அதேதான், சங்கிலிக்குப் பதிலாகப் பூட்டு.

பதிவேடு பற்றிச் சொல்கிறேன். ஒரு நீளமான நோட்டு போதும். வந்த வரிசையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு எண், பெயர், எழுதியவர், வந்த தேதி, யார் கொடுத்தது. அந்த எண்ணைப் புத்தகத்தின் உள்ளேயும் எழுதிவிட வேண்டும். ஒரு புத்தகம் தொலைந்தாலும் அதன் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஆறு மாதம் கழித்து நீங்களே குழம்பிப் போவீர்கள். நான் முதலில் போனில் ஒரு செயலி இறக்கி, பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லா விவரமும் தானாக வந்துவிடும் என்று கனவு கண்டேன். பாதிப் புத்தகங்களில் பார்கோடே கிடையாது. 2007க்கு முன்னால் வந்தவற்றில் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தை அடையாளம் காண அதன்மேல் அச்சிடும் தனி எண்) பத்து இலக்கம்தான், அதற்குப் பிறகுதான் பதின்மூன்று. தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றுக்குச் செயலி வெறும் கட்டத்தைக் காட்டியது, ஒன்றுக்கு ஏதோ சமையல் புத்தகத்தின் பெயரைக் காட்டியது. இரண்டு ஞாயிறு வீண்.

அதிலும் ஒரு லாபம். ஏழாவது படிக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தப் பதின்மூன்று இலக்கத்தில் ஆர்வம் வந்துவிட்டது. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று 1, 3, 1, 3 என்று பெருக்கிக் கூட்டினால் விடை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும், கடைசி இலக்கம் அதற்காகவே வைத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அன்று மாலை முழுக்க ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அச்சடித்தவர்கள் தப்புச் செய்திருக்கிறார்களா என்று சோதித்துக்கொண்டிருந்தாள். ஒரு தப்பும் சிக்கவில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நூலகங்களில் 'ரகசியப் பக்கம்' என்று ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தில் போடும் முத்திரையை யாராவது கிழித்தெடுத்துவிட்டால்கூட அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கம்தான். நாங்கள் 17ஆம் பக்கம் என்று முடிவு செய்தோம். படக்கதைப் புத்தகங்கள் பாதிக்கு மேல் பதினாறே பக்கம் என்பது முத்திரையைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. அச்சடிக்கும் தாளை மடிக்கிற கணக்கில் அவை 16, 24, 32 என்றுதான் வரும். பக்க எண்ணும் பலவற்றில் இருக்காது. அதனால் 9க்கு மாறினோம். ஒரே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரகசியம் தெரிந்துவிட்டது, புதிதாக வருகிறவர்களிடம் "ஒன்பதாம் பக்கம் பாரு, யார்கிட்டயும் சொல்லாத" என்று அவர்களே காதைக் கடிக்கிறார்கள்.

அடுக்குவதில் என் அறிவை ரொம்பவே காட்டினேன். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையை இணையத்தில் பார்த்து, நாடோடிக் கதைகளுக்கு 398.2, டைனோசருக்கு 567.9, பறவைகளுக்கு 598 என்று முதுகில் லேபிள் ஒட்டினேன். பார்க்க அச்சு அசல் நூலகம். ஆனால் தசமப் புள்ளியே படித்திராத பிள்ளை எப்படித் தேடி எடுக்கும், எடுத்ததை எங்கே திரும்ப வைக்கும்? ஒவ்வொரு மாலையும் ஆறரை மணிக்கு நான் மட்டும் உட்கார்ந்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது வண்ணப் பட்டைதான். சிவப்பு கதை, பச்சை விலங்கும் செடியும், நீலம் வானமும் அறிவியலும், மஞ்சள் புதிரும் விளையாட்டும், ஆரஞ்சு 'எதிலும் சேராதது'. ஆரஞ்சுத் தட்டில்தான் எப்போதும் கூட்டம். மேல்தட்டு ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாவிட்டால் அந்தத் தட்டு வீண், அங்கே காலி அட்டைப்பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். முதுகு மட்டும் தெரிய நெருக்கி அடுக்குவதைவிட, பத்துப் பன்னிரண்டையாவது முன் அட்டை தெரியச் சாய்த்து வையுங்கள், அவைதான் முதலில் போகும். யாருமே எடுக்காத புத்தகத்தை இரண்டு வாரம் அப்படி வைத்துப் பார்ப்போம். அப்போதும் போகவில்லை என்றால் அதற்கு விடைகொடுத்துவிடலாம்.

வயது லேபிள் விஷயம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆரம்பத்தில் 5-7, 8-10, 11க்கு மேல் என்று மூன்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம். பெற்றோருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பையன், பதினொரு வயது இருக்கும், வாரா வாரம் 5-7 தட்டிலிருந்து ஒன்று எடுப்பான். "தம்பிக்கு" என்பான். நானும் தம்பி பெயரில் ஒரு அட்டை போட்டுத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன், நல்ல எண்ணத்தில்தான். "வேணாம்க்கா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அன்றைக்கு எதையும் எடுக்காமலே போய்விட்டான். அவனுக்குத் தம்பியே இல்லை என்று அப்புறம் இன்னொரு பிள்ளை சொன்னது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பானாம். எட்டு வரி உள்ள பக்கத்தை வெட்கப்படாமல் படிக்க அவன் ஒரு தம்பியை உண்டாக்கி வைத்திருந்தான், நான் அட்டை போட்டுத் தருகிறேன் பேர்வழி என்று அதைக் கலைத்துவிட்டேன்.

அன்றே உட்கார்ந்து ஸ்டிக்கர்களைச் சுரண்டினோம். அவற்றின் பசை லேசில் போகாது, ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டினால் உரிந்து வரும். இப்போது யாருக்கு எது சரி என்று நாங்கள் சொல்வதில்லை. குழந்தையே கேட்டால் மட்டும் ஐந்து விரல் முறையைச் சொல்கிறோம்: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படி, தெரியாத வார்த்தை வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டு போ. படங்களுக்காகவே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் என்ன குறை? அந்தப் பையன் நாலைந்து வாரம் கழித்து வந்தான். நான் எதுவும் பேசாமல் தேதி முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தேன். அந்த நாலைந்து வாரமும் எனக்கு நன்றாகத் தூக்கம் வரவில்லை என்பதை இங்கேதான் சொல்கிறேன்.

கொடுத்து வாங்க நாங்கள் பின்பற்றுவது பிரவுன் முறை. நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியது. கணினி வரும்வரை பல நாட்டு நூலகங்கள் இதை வைத்துத்தான் ஓடின. ஒவ்வொரு புத்தகத்திலும் பின் அட்டையின் உள்பக்கம் காகிதப் பை ஒன்று ஒட்டி, அதில் புத்தகத்தின் எண்ணும் பெயரும் எழுதிய அட்டை. ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவர் பெயர் எழுதிய, பை மாதிரி மடித்த சீட்டு. புத்தகம் வெளியே போகும்போது அதன் அட்டையை உருவி உறுப்பினரின் சீட்டுக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிக்குப் பின்னால் ஒரு பெட்டியில் நிறுத்திவிடுவது, அவ்வளவுதான். எந்தப் புத்தகம் யாரிடம், எப்போது வர வேண்டும் என்பது பெட்டியைப் பார்த்தாலே தெரியும். மின்சாரம் வேண்டாம், கையெழுத்துக்கூட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு மாலையில் கற்றுக்கொள்கிறது. எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் நாற்காலிக்கு இப்போது முறை வைத்துச் சண்டை. தேதி முத்திரை குத்துகிற அந்த 'டக்' சத்தத்துக்காகவே பாதிப் பேர் உதவிக்கு வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

சீட்டில் குழந்தையின் பெயர், பெற்றோரின் போன் எண், இரண்டே விவரம். முன்பணம் வாங்குவதில்லை. சீட்டில் பெயரை அந்தக் குழந்தையேதான் எழுத வேண்டும், எழுத வராவிட்டால் தெரிந்த எழுத்து மட்டும்.

அபராதம்? முதலில் வைத்திருந்தோம், சின்னத் தொகைதான். விளைவு என்ன தெரியுமா, தாமதமாகிவிட்ட குழந்தை புத்தகத்தையும் கொண்டு வராது, தானும் வராது. புத்தகம் போனது ஒரு நஷ்டம், ஆளும் போனது பெரிய நஷ்டம். சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமத அபராதத்தையே எடுத்துவிட்டது, அதற்கப்புறம் புத்தகங்கள் திரும்பி வருவது கூடியிருக்கிறது. அத்தனை பெரிய நூலகமே எடுக்கும்போது ஒன்றரை பீரோ வைத்திருக்கிற நமக்கு என்ன?

நாங்கள் எடுத்ததற்குக் காரணம் சிகாகோ அல்ல, ஜன்னல். ஒரு ஞாயிறு மாலை கூடத்தின் ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு கை நுழைந்தது. புத்தகத்தைச் சாய்த்து, ஒரு மூலையைத் தள்ளி, மறு மூலையைத் தள்ளி, உள்ளே விழும்வரை தள்ளிவிட்டுப் போய்விட்டது. எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் தெருமுனையில் ஒரு ரிப்பன் மட்டும் தெரிந்தது. புத்தகம் ஐந்து மாதத் தாமதம். கம்பியில் உரசி அட்டையின் ஓரம் கிழிந்திருந்தது, உள்ளே ஒரு அழுக்கில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அபராதம் புத்தகத்தின் விலையையே தாண்டியிருந்தது. அடுத்த வாரம் அபராதம் இல்லை என்று ஒரு தாளில் எழுதி அதே ஜன்னலில் வெளியே பார்த்தபடி ஒட்டினோம். மூன்று வாரம் கழித்து ரிப்பன் வாசல் வழியாக வந்தது.

தொலைவது தொலையும். வருஷத்துக்கு இருபது புத்தகம் போகிறது எங்களிடம். குழுவில் ஒருவர் ஆண்டுக் கூட்டத்தில் அதை மட்டும் சத்தமாக வாசிப்பார், எத்தனை புத்தகம் எத்தனை தடவை வெளியே போய் வந்தது என்ற எண்ணிக்கையை நான் அதைவிடச் சத்தமாக வாசிப்பேன்.

கிழிசலுக்குச் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். ஒரு வருஷத்தில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்தில் உள்ள தாளையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய காகிதக் கீற்றும் வெள்ளைப் பசையும் போதும். பசை காயும்வரை நடுவில் பாலித்தீன் தாள் வைத்து மேலே கனமாக எதையாவது வைக்க வேண்டும் (அந்த மென்பொருள் கையேட்டை நாங்கள் எடைக்குப் போடாததற்கு இதுதான் காரணம்). ராமபாணப் பூச்சிக்கு ஈரம்தான் விருந்து, அதனால் பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். கூடத்தில் வேறு நிகழ்ச்சி நடக்கிற நாளில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்ய முடியாது. பீரோவுக்கு அடியில் சக்கரம் போட்டு மூலைக்குத் தள்ளுகிறோம், பெட்டியை மட்டும் வாசல் படிக்கு எடுத்துப் போய் அங்கேயே கொடுத்து வாங்குகிறோம்.

'டைனோசர் (பெருசு)' புத்தகத்தில் முன்னால் ஒட்டியிருந்த தேதிச் சீட்டு போன சனிக்கிழமை நிரம்பிவிட்டது. இரண்டு பத்தியிலும் மேலிருந்து கீழே வரை முத்திரை, இடமில்லாமல் ஓரத்திலும் இரண்டு. கிழித்துவிட்டுப் புதுச் சீட்டு ஒட்டலாம் என்று கையை வைத்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் முறைக்கு உட்கார்ந்திருந்தவன் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பழைய சீட்டின் மேல் ஓரத்தில் மட்டும் பசை தடவி, புதுச் சீட்டை மூடி மாதிரி ஒட்டி, தூக்கினால் கீழே உள்ளது தெரிகிறதா என்று இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் முத்திரையை எடுத்தான்.